சிலிண்டரில் எவ்வளவு, வெளியே எவ்வளவு?

வெள்ளாற்றின் தென்கரையில் லப்பைக்குடிக்காடு, வடகரையில் திட்டக்குடி. இக்கரை பெரம்பலூர் மாவட்டம், அக்கரை கடலூர் மாவட்டம். ஊரில் கல்யாணம் என்றால் விடிவதற்கு முன்பே தேக்சாக்களுக்கு அடியில் பட்டி அடுப்பு சீறத் தொடங்கிவிடும். 19 கிலோ வணிகச் சிலிண்டரில் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டி முழு வேகத்தில் எரிப்பார்கள். இரண்டு தேக்சா இறங்கி மூன்றாவது ஏறும் நேரத்தில் சுடர் படுத்துவிடும். சிலிண்டரின் அடிப்பாதி வியர்த்து, அந்த ஈரத்தின் மேல் வெண்பனி படர்ந்திருக்கும். பண்டாரி (சமையல்காரர்) ரெகுலேட்டரின் பிடியை மேலும் இரண்டு சுற்றுத் திருகிப் பார்ப்பார். ஒன்றும் நடக்காது. சிலிண்டரின் மேல் வெந்நீரை ஊற்றச் சொல்வார். சுடர் மறுபடி எழும்பும். (எரிவாயு நிறுவனங்கள் செய்யக் கூடாது என்று சொல்லும் வேலை இது. ஆனாலும் நடக்கிறது.)

கேஸ் தீர்ந்துபோகவில்லை, ரெகுலேட்டரும் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அடுப்பு இழுக்கும் வேகத்துக்கு வெளிக்காற்றிலிருந்து வெப்பம் வந்து சேரவில்லை. திரவம் குளிர்ந்தது, சிலிண்டரின் அழுத்தம் இறங்கியது, ரெகுலேட்டர் தரவேண்டிய அழுத்தத்துக்கும் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை சுற்றுத் திருகினாலும் பயனில்லை. ரெகுலேட்டருக்கு அழுத்தத்தைக் குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது.

சாயக் குண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் பெயின்ட்பால் விளையாட்டில், துப்பாக்கிக்குக் காற்றழுத்தம் தரும் ஏர் டேங்கைப் பற்றி எழும் குழப்பங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் இளைஞர்கள் விடுமுறை நாளில் போய் ஆடிப் பழகியது, மலேசியாவின் லங்காவியில் ஆசிய அளவிலான போட்டிகளாகவே நடந்தது, சென்னை, பெங்களூரு பக்கத்துப் பொழுதுபோக்கு மைதானங்களில் நண்பர் கூட்டமாகப் போய் ஆடுவது என்று இந்த விளையாட்டு தமிழர்களுக்கு அறிமுகமாகிவிட்டது. வாடகைத் துப்பாக்கியில் ஆடும்வரை சிக்கல் இல்லை. சொந்தமாக ஒரு மார்க்கர் (பெயின்ட்பால் துப்பாக்கி) வாங்கலாம் என்று இறங்கும்போதுதான் எண்கள் மிரட்டும். டேங்கில் 3,000 அல்லது 4,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று இருக்கும். அதன் ரெகுலேட்டரில் 850, 450, 300 என்று மூன்று வகை கிடைக்கும். மார்க்கரோ 150 முதல் 200 போதும் என்னும். எது சரி, எது ஆபத்து, அதிக அழுத்தம் என்றால் அதிக வேகமா?

850 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிகர் என்ற சிற்றூரின் காட்டில் 12 பேர் கூடி முதல் பெயின்ட்பால் ஆட்டத்தை ஆடினார்கள். சார்லஸ் கெய்ன்ஸ், ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்சி ஆகிய மூவரின் யோசனை அது. கையில் இருந்தது நெல்-ஸ்பாட் 007. நெல்சன் பெயின்ட் நிறுவனத்துக்காக டெய்சி தயாரித்த இந்தக் கருவி, வெட்டவேண்டிய மரங்களிலும் பிரிக்கவேண்டிய மாடுகளிலும் தூர நின்று சாயப் புள்ளி வைப்பதற்கானது. மார்க்கர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அன்றைய ஆட்டத்தில் வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடாத வனத்தொழிலாளி என்பது இந்த விளையாட்டின் ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் செய்தி. நம் விஷயத்துக்கு முக்கியமானது, அந்தக் கருவியை இயக்கிய 12 கிராம் கரியமில வாயுக் குப்பி.

கரியமில வாயு எல்பிஜியைப் போலவே அழுத்தத்தில் திரவமாகும். சிலிண்டரில் திரவம் மிச்சம் இருக்கும்வரை அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது நிரப்பிய அளவு அல்ல, வெப்பநிலைதான். சுமார் 21 டிகிரி செல்சியஸில் அது 850 பிஎஸ்ஐ. வட அமெரிக்காவின் இதமான நாளில் எந்த ரெகுலேட்டரும் இல்லாமலே கிட்டத்தட்ட ஒரே அழுத்தம் கிடைக்கும் என்பதால் ஆரம்ப கால மார்க்கர்கள் அதற்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டன. பின்னாளில் அழுத்தக் காற்று டேங்குகள் வந்தபோது, பழைய மார்க்கர்களிலும் மாட்டமுடிய வேண்டுமே என்று அவற்றின் ரெகுலேட்டரை 800, 850-க்கு அமைத்தார்கள். அறிவியல் கணக்கிட்டுச் சொன்ன உகந்த அளவு அல்ல அது. பழைய குப்பியின் அழுத்தத்தைப் புதிய டேங்க் போலச் செய்கிறது, அவ்வளவே.

நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்காது. அந்த எல்லையில் அதன் அழுத்தம் சுமார் 1,070 பிஎஸ்ஐ. அதைத் தாண்டினால் நிறைந்த சிலிண்டரில் அழுத்தம் செங்குத்தாக ஏறும். பெரம்பலூர், அரியலூரில் சித்திரை மதியம் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். காலையில் ஒரு வேகம், மதியம் வேறு வேகம், வேகமாகத் தொடர்ந்து சுட்டால் பட்டி அடுப்புச் சிலிண்டர் போலவே குளிர்ந்து வேறொரு வேகம். சாய்த்துப் பிடித்தால் திரவமே மார்க்கருக்குள் புகும். மின்வால்வு வைத்த நவீன மார்க்கர்களின் ரப்பர் வளையங்களையும் வால்வையும் அது கெடுக்கும். கோலி சோடாக் கடைக்காரரும் கார் பட்டறை வெல்டரும் இந்த வாயுவோடு தினமும் பழகுபவர்கள். அவர்கள் சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தியிருப்பார்கள். வெல்டிங் ரெகுலேட்டர் உறைந்துபோகாமல் இருக்க அதில் மின் ஹீட்டரே உண்டு. ஓடி, குனிந்து, உருண்டு ஆடுபவருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. தமிழ்நாட்டு வெப்பத்தில் பெயின்ட்பாலுக்கு அழுத்தக் காற்றே பொருத்தம் என்று தயங்காமல் சொல்லலாம்.

காற்றுக்கு அந்தத் தொல்லை குறைவு. 25 டிகிரியில் 4,500 பிஎஸ்ஐ நிரப்பிய டேங்க், பூட்டிய காருக்குள் 60 டிகிரிக்குப் போனால் சுமார் 5,000 ஆகும். அதற்கு இடம் விட்டே டேங்க் செய்யப்படுகிறது. வெளியே வரும் அழுத்தமோ ரெகுலேட்டரின் பொறுப்பு.

ரெகுலேட்டர் எப்படி அதைச் செய்கிறது? லப்பைக்குடிக்காட்டுக்கு மேற்கே வெள்ளாற்றின் குறுக்கே தொழுதூர் அணைக்கட்டு இருக்கிறது. ஆற்றில் எவ்வளவு வந்தாலும் வெலிங்டன் ஏரிக்குப் போகும் கால்வாயில் அளந்துதான் விடவேண்டும். அங்கே ஷட்டரை ஏற்றி இறக்க ஆள் வேண்டும். டேங்க் ரெகுலேட்டரில் வெளியே போன காற்றே ஷட்டரை மூடிவிடுகிறது. உள்ளே ஒரு பிஸ்டன், அதைத் திறந்த நிலைக்குத் தள்ளும் ஸ்பிரிங், பிஸ்டனின் நுனியில் கடினமான பிளாஸ்டிக்கால் ஒரு சீட். டேங்கிலிருந்து மெல்லிய துளை வழியாக வரும் காற்று பிஸ்டனின் மறுபக்கம் போய்ச் சேர்கிறது. அங்கே முகம் அகலம். அழுத்தம் ஏற ஏற, அந்த அகன்ற முகத்தின் மீது விழும் தள்ளல் ஸ்பிரிங்கை மிஞ்சும் தருணத்தில் சீட் துளையை அடைத்துக்கொள்ளும். ஒரு குண்டு சுட்டால் வெளிப்பக்க அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், துளை திறக்கும், நிரம்பும், மூடும். வேகமாகச் சுடும்போது இது நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல்கூட நடக்கும்.

ஆக 850-ஐத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் விறைப்பு. ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்தால் அழுத்தம் கூடும், எடுத்தால் குறையும். கடையில் 450, 300 என்று தனித்தனியாக விற்பவற்றில் பலவும் ஒரே உடலில் ஸ்பிரிங் அடுக்கை மட்டும் மாற்றியவைதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சீட்டின் சிறிய முகத்தின் மீது டேங்கின் முழு அழுத்தமும் மோதி, ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பிஸ்டனைத் திறக்கப் பார்க்கிறது. அகன்ற முகம் சீட்டைப் போல் நூறு மடங்கு என்று வைத்துக்கொண்டால், டேங்க் 4,500-லிருந்து 1,000-க்கு இறங்கும்போது வெளிவரும் அழுத்தத்தில் 35 பிஎஸ்ஐ குறையும். வெல்டிங் பட்டறையின் ஒரே கட்ட ரெகுலேட்டர்களில் பொதுவாக இது தலைகீழ். அங்கே சிலிண்டரின் அழுத்தம் வால்வை மூடும் பக்கம் நிற்பதால், ஆக்சிஜன் காலியாகக் காலியாக முள் மெல்ல மேலே ஏறும், வெல்டர் அவ்வப்போது திருகிக் குறைப்பார். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, இன்னொரு கட்டம் சேர்ப்பது. பெயின்ட்பாலில் அந்த இரண்டாம் கட்டம் மார்க்கருக்குள்ளேயே இருக்கிறது. டேங்க் ரெகுலேட்டர் 4,500-ஐ 800 ஆக்குகிறது, மார்க்கரின் ரெகுலேட்டர் 800-ஐ 160 ஆக்குகிறது. முதல் கட்டத்தில் 35 ஏறி இறங்கினால் இரண்டாம் கட்டத்தைத் தாண்டி வருவது ஓரிரு பிஎஸ்ஐக்கும் குறைவாகவே இருக்கும்.

எனவே 850-ஆ, 450-ஆ என்ற வாதம் பாதி தேவையற்றது. குறைந்த அழுத்த ரெகுலேட்டர் இருந்தால் ஒரே டேங்கில் அதிகக் குண்டு சுடலாம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் அது நிற்காது. டேங்கின் அழுத்தம் 850-க்குக் கீழே போனதும் 850 ரெகுலேட்டர் முழுதாகத் திறந்து, இருப்பதை அப்படியே விடும். 200 பிஎஸ்ஐயில் இயங்கும் மார்க்கர் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். 450 ரெகுலேட்டரும் கடைசியில் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். இரண்டு டேங்கிலும் காற்று ஒன்றே. வித்தியாசம் தெரிவது நேரடியாக 800 அளவில் இயங்கும் எளிய இயந்திர மார்க்கர்களில். அவற்றுக்கு 450 கொடுத்தால் சரியாக இயங்காது. மறுபுறம், உள்வரும் அழுத்தம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும் மார்க்கருக்கு 850 கொடுத்தால் அதன் ரெகுலேட்டர் திணறும். கையேடு என்ன சொல்கிறதோ அதுவே விடை. அது எதுவும் சொல்லாத இடத்தில், தரமான எந்த ரெகுலேட்டரும் போதும்.

அழுத்தம் கூடினால் வேகம் கூடுமா? கூடும், ஆனால் அழுத்தம் மட்டும் வேகமல்ல. சுமார் 3 கிராம் எடையுள்ள சாயக் குண்டு வினாடிக்கு 285 அடி வேகத்தில் போக ஏறத்தாழ 11 ஜூல் ஆற்றல் வேண்டும். 800 பிஎஸ்ஐயில் சிறிதளவு காற்றை விட்டும் அதைப் பெறலாம், 150 பிஎஸ்ஐயில் தாராளமாக விட்டும் பெறலாம். முதல் வகையில் சத்தமும் உதையும் அதிகம், இரண்டாம் வகையில் நெகிழ்வு. போய்ச் சேரும் குண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். மைதானங்களில் பொதுவாக உச்சவரம்பு வினாடிக்கு 300 அடி, அதாவது 91 மீட்டர். வேகமானிக்கு முன் சுட்டுக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

அந்த வேகமானியை ஏமாற்றக்கூடிய பழுது ஒன்று இருக்கிறது. சீட்டில் நூலளவு கீறலோ தூசியோ இருந்தால் துளை முழுதாக அடைபடாது. தொடர்ந்து சுடும்போது தெரியாது. அரை நிமிடம் மறைவில் பதுங்கி உட்கார்ந்தால் காற்று கசிந்து கசிந்து மார்க்கருக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அடுத்து வரும் முதல் குண்டு மட்டும் வரம்பு மீறிப் பாயும், மற்றவை பழையபடி. வேகமானிக்கு முன் வரிசையாகப் பத்துக் குண்டு சுட்டுச் சராசரி பார்ப்பவர் இதைப் பிடிக்கமாட்டார். மார்க்கரில் கேஜ் இருந்தால் ஒரு குண்டு சுட்டுவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் ஏறி ஓரிடத்தில் நின்றால் நல்லது. நின்ற பிறகும் ஊர்ந்தால் சீட்டை மாற்றவேண்டும். பெரிய ரெகுலேட்டர் தேடிச் செலவழிக்கும் பணத்தில் சிறு பங்கு போதும், மாற்று சீட்டும் ஓ-ரிங்குகளும் வாங்கி வைத்துக்கொள்ள. முகக் கவசம் இல்லாமல் நிற்பவரின் கண்ணுக்கு 280-க்கும் 310-க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். கவசம் எப்போதும் வேண்டும்.

சீரான அழுத்தத்தின் மதிப்பை இன்னும் கூர்மையாகப் பார்க்க, அக்கரை மாவட்டத்தில் பிறந்த ஒருவரின் விளையாட்டு உதவும். கடலூரில் 1999-இல் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019 ஆகஸ்டில் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு பொட்டு. ரைஃபிளின் அடியில் நீண்டிருக்கும் உருளையில் 200 பார் காற்று, அதற்கும் குண்டுக்கும் இடையில் ஒரு ரெகுலேட்டர். அறுபது குண்டு சுடுவதற்குள் உருளையின் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் பின்னால் இருக்கும் தள்ளல் ஒன்றாக இருந்தால்தான் வீராங்கனையின் கை செய்த வேலை இலக்கில் தெரியும். இந்த விளையாட்டிலும் ஒரு காலத்தில் கரியமில வாயு ரைஃபிள்கள் பரவலாக இருந்தன. வெப்பநிலைக்கு ஏற்ப வேகம் மாறும் தொல்லையால் அழுத்தக் காற்று அவற்றை ஓரங்கட்டியது. காற்று உருளையின் காலாவதித் தேதிக்குப் போட்டியாளரே பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதி சொல்கிறது.

பெயின்ட்பாலிலும் ஆபத்தான பக்கம் காற்று நிரம்பிய டேங்க்தான். 850-ஐப் பற்றி விவாதிப்பவர்கள் 4,500-ஐ மறந்துவிடுகிறார்கள். ரெகுலேட்டரின் கழுத்தில் செப்புத் தகடு வைத்த இரண்டு சிறு திருகுகள் இருக்கும். ஒன்று டேங்க் பக்கத்துக்கு: 3,000 டேங்கில் 5,000 பிஎஸ்ஐயிலும், 4,500 டேங்கில் 7,500-லும் தகடு கிழிந்து காற்றை வெளியே விடும். இன்னொன்று வெளிப்பக்கத்துக்கு, பெரும்பாலும் 1,800. சீட் சட்டென்று உடைந்து முழு அழுத்தமும் மார்க்கருக்குப் பாய்ந்தால் முதலில் கிழிய வேண்டியது இது. கிழிந்த தகட்டுக்குப் பதில் வேறு எதையாவது வைத்து அடைக்கும் கைவினை நம் ஊர்ப் பட்டறைகளில் கிடைக்கும். செய்யக் கூடாது.

நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ இருக்கக் கூடாது. நொடியில் பாயும் உயர் அழுத்தக் காற்று அழுந்திச் சூடாகி, அந்த எண்ணெயை டீசல் இன்ஜினில் நடப்பதுபோலவே பற்றவைக்கும். மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு எண்ணெய்க் கையோடு போகாதே என்று எச்சரிப்பதும் இதே வகைப் பயத்தால்தான். மெதுவாக நிரப்பினால் சூடும் குறையும், ஆறிய பிறகு முள் இறங்கி ஏமாற்றுவதும் குறையும். இன்னொரு பழைய விபத்து, வால்வு கழன்றுபோவது. டேங்கை மார்க்கரிலிருந்து திருகிக் கழற்றும்போது வால்வு மார்க்கரிலேயே ஒட்டிக்கொண்டு, டேங்க் மட்டும் வால்விலிருந்து கழன்றுவந்தால் அது ராக்கெட். அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் கரியமில வாயுக் குப்பிகள் இப்படிக் கழன்று பறந்து உயிரிழப்புகள் ஏற்பட்டன. திருகும்போது டேங்கோடு வால்வும் சேர்ந்து சுழல்கிறதா என்று பார்க்க, இரண்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டு வைப்பது நல்ல பழக்கம். கோடு இரண்டாகப் பிரிந்தால் அங்கேயே நிறுத்தவேண்டும்.

லப்பைக்குடிக்காட்டில் ஒருவர் டேங்க் வைத்திருந்தால் எங்கே நிரப்புவார்? பங்க்சர் கடை கம்ப்ரசர் 150 பிஎஸ்ஐ வரை வரும். லாரி டயருக்கு அது போதும். கல் குவாரியில் ஜாக்ஹேமரை ஓட்டுவது சுமார் 100 பிஎஸ்ஐ. நம் கொல்லைகளில் போர் போட வரும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் ராட்சதக் கம்ப்ரசர்கூடச் சில நூறு பிஎஸ்ஐயைத்தான் தரும். காற்றின் அளவு அங்கே பிரம்மாண்டம், அழுத்தம் சாதாரணம். சமையலறை ரெகுலேட்டர் இன்னொரு கோடி: வெயில் நாளில் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு கிலோ இருக்கும் எல்பிஜியை 30 கிராமுக்கு இறக்கிவிடுகிறது, ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. 200, 300 பார் தரும் கம்ப்ரசர் முக்குளிப்போருக்கும் தீயணைப்பு வீரர்களின் சுவாசக் கருவிக்கும் காற்று நிரப்பும் இடங்களில் இருக்கும் தனி இனம். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. 300 பார் என்று எழுதியதையும் 300 பிஎஸ்ஐ என்று எழுதியதையும் ஒன்றாக வாசித்துவிடுவதுதான் இந்தத் துறையில் செய்யக்கூடிய மிக மோசமான கணக்குப் பிழை.

துபாயிலிருந்து ஊருக்கு வரும்போது டேங்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்பவருக்கு இரண்டு தடைகள். அழுத்தம் இருக்கும் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இங்கே வந்த பிறகு, 2016-ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி 500 மில்லிலிட்டருக்கு மேல் 1,000 லிட்டர் வரை கொள்ளளவுள்ள கலமே சிலிண்டர். அதை இறக்குமதி செய்வதும் நிரப்புவதும் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலுக்கு உட்பட்டது. 13 கன அங்குலச் சிறு டேங்கின் கொள்ளளவு சுமார் 213 மில்லிலிட்டர், அந்த வரையறைக்குள் வராது. பெரும்பாலானோர் வாங்கும் 48 கன அங்குல அலுமினிய டேங்க் சுமார் 787 மில்லிலிட்டர், வரும். கார்பன் நார் சுற்றிய 68 கன அங்குல டேங்க் ஒரு லிட்டரைத் தாண்டுகிறது. அமெரிக்க முத்திரை உள்ள அத்தகைய டேங்குகளுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும், பொதுவாகப் பதினைந்து ஆண்டு ஆயுளும் உண்டு. தேதி டேங்கின் மேலேயே அச்சிட்டிருக்கும். பழைய டேங்க் மலிவாக வந்தால் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. ஆயுள் முடிந்திருந்தால் எந்த ரெகுலேட்டரை மாட்டலாம் என்ற கேள்விக்கே இடமில்லை, காற்றைத் திறந்துவிட்டுப் பழைய சாமானாக எடைக்குப் போடவேண்டியதுதான்.